பத்து நிமிடப் பேச்சுக்கு நாலு பக்கக் குறிப்பு

எம்எல்ஏ வருகிறார் என்று தெரிந்ததும் என் மனைவி விடிகாலையிலேயே வாசலைப் பெருக்கி, தண்ணி தெளித்து, கார்த்திகைக்குப் போடுகிற அளவில் ஒரு கோலம் போட்டு வைத்தாள். எங்கள் ராமநாதபுரம் பக்கம் வாசலுக்கு மூன்று குடம் தண்ணி ஊற்றுவது பெரிய மரியாதை. அவர் வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. கூட வந்த வண்டி நேரே கோலத்தின் மேல் ஏறி நின்றது.

அவர் என்னிடம் படித்தவர். 1991-ல் சேர்ந்து 93-ல் வெளியே போன ஃபிட்டர் பேட்ச். தொகுதி, கட்சி இரண்டையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இதோடு மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், மீதிப் பேர் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

நான் 33 வருஷம் அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். ஃபிட்டர் டிரேடில் சேருகிற பையனுக்கு ஆரம்பத்தில் பெரிதாக வேறு வேலை கிடையாது. பெஞ்ச் வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். கை காய்ச்சுப் போகும், தோள் விட்டுப் போகும். ராவி முடித்த துண்டின் மேல் மூலைமட்டம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். ஸ்கொயருக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது. மறுபடி வைஸ், மறுபடி அரம்.

இவருடைய துண்டில் வெளிச்சம் தெரியாத நாளே கிடையாது. "லைட் தெரியுதுப்பா" என்பேன். "எவ்வளவு சார்?" என்பார். "கீழக்கரை பஸ்ஸே போகும்" என்பேன். பேட்ச் மொத்தமும் சிரிக்கும், அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். அதே ஆள்தான் ஹாஸ்டல் சோறு சரியில்லை என்று பிரின்சிபால் அறை வாசலில் நாற்பது பேரைத் தட்டோடு உட்கார வைத்தவர். இவன் ஃபிட்டர் ஆகமாட்டான் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன்.

"காபி வேணாம் டீச்சரம்மா, சுகர்" என்றபடி உட்கார்ந்தார். என் மனைவி ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. அவருக்கு என் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் டீச்சர்தான்.

விஷயம் இதுதான். 2025 பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைக்கிறதுதான் மானியக் கோரிக்கை. அதன் மீது பேச அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். "படிப்பும் வேலையும்னு தலைப்பு வச்சிருக்கேன் சார். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. புள்ளிவிவரம் எல்லாம் போட்டு, கொஞ்சம் கனமா."

"எந்த மானியக் கோரிக்கைங்க?" என்று கேட்டேன். கூட ஆட்கள் இருந்ததால் 'ங்க' போட்டேன். ரெண்டாவது வாக்கியத்திலேயே அது 'ப்பா'வாகிவிட்டது.

"ஏன் சார், எல்லாம் ஒண்ணுதானே?"

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிட்டயர்டு ஆனவர்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் நான் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் படிக்கிறவன். பள்ளிக்கல்விக்கு மானியக் கோரிக்கை எண் 43. உயர்கல்விக்கு 20. தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுக்கு 32. தொழில் துறைக்கு 27. எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் பத்தாவது முடிக்கிறான் என்று வையுங்கள். பிளஸ் ஒன்னில் தொழிற்கல்வி குரூப் எடுத்தால் அவன் 43-ல் வருவான். பாலிடெக்னிக் போனால் 20. ஐடிஐ வந்தால் 32. அவனுக்கு வேலை கொடுக்கப்போகிற பெரிய கம்பெனி 27. ஒரே பையன், ஒரே வைஸ், ஒரே அரம். நாலு துறை, நாலு அமைச்சர்கள், நாலு செயலாளர்கள், விவாதமும் தனித்தனி. 43-க்குப் பேசுகிறவர் 32-ஐத் தொடமாட்டார். 27-க்குப் பேசுகிறவர் முதலீடு எத்தனை கோடி என்று சொல்லி முடித்துவிடுவார். பையன் இந்த எண்களுக்கு நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருப்பான்.

"உங்க தலைப்புக்கு மானியக் கோரிக்கையே கிடையாதுப்பா" என்றேன்.

சிரித்தார். தொழிலாளர் நலனில்தான் அவர் பெயர் கொடுத்திருந்தார்களாம். நல்லதாகப் போயிற்று, என் துறை.

அவர் மனசில் மூன்று விஷயம் வைத்திருந்தார். தொகுதிக்கு ஒரு அரசு கலைக் கல்லூரி, வருஷத்துக்கு ரெண்டு வேலைவாய்ப்பு முகாம், தமிழ்நாட்டில் இருக்கிற கம்பெனிகளில் 75 சதவீத வேலை தமிழ்நாட்டுக்காரர்களுக்கு.

75-ஐ முதலில் எடுத்தேன். அதுதான் சீக்கிரம் முடியும். ஆந்திரா 2019-ல் இப்படி ஒரு சட்டம் போட்டது. ஹரியானாவும் போட்டது, மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள தனியார் வேலைகளுக்கு. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. "நீங்க மேசையைத் தட்ட வைக்கலாம். பையனுக்கு ஆர்டர் வராது" என்றேன். அதைவிட எனக்கு வேறு ஒரு சந்தேகம். நம் ஊர்ப் பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர் உள்ளூரா? ராத்திரி ரயிலேறினால் விடிந்த பிறகு போய்ச் சேருகிற ஊர். அங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஒடிசாக்காரனை நிறுத்தி வைத்துக் கேட்கிற அதே கேள்விகளைத்தான் இவனையும் கேட்கிறார்கள்.

முகாம் பற்றித்தான் நிறையப் பேசினோம். போன வருஷம் அவர் ஏற்பாடு செய்த முகாமுக்கு நானும் போயிருந்தேன். சாமியானா, வரிசை, பயோடேட்டா ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆம்னி வேன். மேடையில் ஆர்டர் வாங்கிய படம் மறுநாள் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தில் இருந்தவர்களில் மூன்று பேர் என் தெருப் பையன்கள். மூவருக்கும் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கே போனபிறகுதான் தெரிந்தது, ஆர்டர் கொடுத்தது தொழிற்சாலை இல்லை, ஆள் சப்ளை செய்கிற ஏஜென்சி. ஹாஸ்டலுக்குப் பிடித்தம், கேன்டீனுக்குப் பிடித்தம், யூனிஃபார்முக்கும் பிடித்தம். தீபாவளிக்கு ஊருக்கு வந்த ரெண்டு பேர் திரும்பிப் போகவே இல்லை. ஒருத்தன் கருவேலங்கரி லாரிக்கு லோடு ஏற்றப் போகிறான். இன்னொருத்தன் சவுதிக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது பையன் தங்கிவிட்டான். அவன் ஐடிஐ டர்னர். அப்ரெண்டிஸ் ஆக, அதாவது உதவித்தொகை கொடுத்து வேலையிலேயே பயிற்சி தருகிற ஆளாக, எடுத்திருக்கிறார்கள்.

"இதைத்தான் கேட்கணும்" என்றேன். அப்ரெண்டிஸ் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவனுக்கு உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய். புதுச் சட்டம் வேண்டாம், புது முகாம் வேண்டாம். இந்த மாவட்டத்தில் 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை அப்ரெண்டிஸ் இருக்கிறார்கள், எடுக்காதவர்கள் மேல் என்ன நடவடிக்கை என்று சட்டமன்றத்தில் ஒரு கேள்வி போடுங்கள். கூட்டுறவு மில், பஸ் டெப்போ, ஐஸ் பிளான்ட் வரைக்கும் கணக்கு வெளியே வரும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உண்மையைச் சொன்னார்: "கேள்வி கேட்டா போட்டோ வராது சார்."

இதைச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

கலைக் கல்லூரி விஷயத்தில் அவரை நான் கோபப்படுத்திவிட்டேன். "கட்டடத்தை விட்டு வெளிய வாங்களேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன். என் கதை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஐடிஐ ஒன்றுக்கு கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற ஒரு சிஎன்சி லேத் வந்து இறங்கியது. கிரேன் வைத்து இறக்கினோம். ஃபவுண்டேஷன் போட்டு, த்ரீ ஃபேஸ் இழுத்து, ஏர்கண்டிஷன் கூட மாட்டினார்கள். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பணியிடத்துக்கு அனுமதி வேறு ஃபைல், அது வேறு மேசை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மெஷின் நீலப் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றது. ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றுவோம். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, பூசணிக்காய். எல்லாப் பையன்களும் மெஷினோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் உறையைத் திரும்பப் போட்டு மூடிவிடுவோம். அந்த மெஷினில் ஒரு ஆணி கூடக் கடைந்து வராமல் ரெண்டு பேட்ச் சர்டிபிகேட் வாங்கிப் போயிற்று.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் நவீன மையங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் போய்ப் பார்த்தேன். ரோபோ கை, சிஎன்சி, எலெக்ட்ரிக் வண்டி என்று இருக்கிறது. எனக்கே மறுபடி சேர்ந்து படிக்கலாமா என்று இருந்தது. ஆனால் கண் போய் நின்றது என்னவோ மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல்தான். பழக்கதோஷம்.

இதைச் சொன்னதும் எம்எல்ஏ ஒரு கணக்குச் சொன்னார். அது எனக்கு அதுவரை உறைக்காத கணக்கு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அதை வைத்து வகுப்பறை கட்டலாம், காம்பவுண்ட் போடலாம், கழிப்பறை கட்டலாம், பெஞ்ச் வாங்கலாம். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. "சுவர் கட்ட எனக்குக் காசு இருக்கு சார். ஆள் போட எனக்கு அதிகாரம் இல்ல. அப்ப நான் சுவர்தான் கட்டுவேன்." 234 பேரும் சேர்ந்தால் வருஷத்துக்கு 702 கோடி ரூபாய்ச் சுவர். ஆள் போடுவது நிதித்துறையின் கையில். அதுவும் இழுத்துக்கொண்டே போனதால்தான் 2022-ல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்: இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. எங்கள் ஊர்க் கொத்தனார் கையாளுக்கு அதைவிடக் கூடக் கிடைத்தது.

மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் மாநிலத்துக்கு வரவேண்டிய சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்திருந்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் கொதித்தார். பிஎம்ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் காசை நிறுத்துவது அநியாயம்தான், அதில் எனக்கும் அவருக்கும் பேதமில்லை. "1976-ல கல்வியை மாநிலப் பட்டியல்லேருந்து, டெல்லியும் சட்டம் போடுற பொதுப் பட்டியலுக்குத் தூக்கிட்டுப் போனதுல வந்த வினை சார், அதைத் திரும்ப வாங்கணும்" என்றார். வாங்குங்கள். கூடவே ஒன்றைச் சொன்னேன்: தொழிலாளருக்கான தொழிற்பயிற்சி மட்டும் அரசியல் சட்டம் எழுதிய நாளிலிருந்தே பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. எங்கள் சிலபஸ் எப்போதும் டெல்லியிலிருந்துதான் வரும். அதற்காக ஒரு நாளும் யாரும் மறியல் பண்ணியதில்லை. ஐடிஐக்கு யார் மறியல் பண்ணுவார்கள்?

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலில் கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "சார், உங்க பையனை ஏன் ஐடிஐயில சேக்கல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

என் மகன் பி.இ. மெக்கானிக்கல். 2010-ல் சேர்த்தேன். பேங்க் லோன் மூன்று லட்சம். அரத்தையே பிடித்துப் பிழைத்தவன், என் பிள்ளை கையில் அரம் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் அப்படித்தான். மற்றவன் பிள்ளையை "டிரேடு கத்துக்கடா, பிழைச்சுக்குவ" என்று சேர்த்துவிட்டு, சொந்தப் பிள்ளைக்குப் பொறியியல் கவுன்சிலிங் வரிசையில் நின்றவர்கள். 2014-ல் முடித்தான். கேம்பஸில் ஒன்றும் அமையவில்லை. பிறகு குரூப் 4 கோச்சிங், ஒரு தடவை, ரெண்டு தடவை. 2022 ஜூலையில் 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்த அந்தத் தேர்வையும் எழுதினான். மதுரையில் மேன்ஷன் வாடகை நான்தான் அனுப்பினேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். அங்கே அவனுக்கு வெர்னியர் அளவுகோலைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு ஐடிஐ பையன். போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் எம்எல்ஏவிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அதான் சார்" என்றார். "என்கிட்ட வர்ற எந்த அம்மாவும் ஐடிஐக்கு இன்ஸ்ட்ரக்டர் போடுங்கன்னு கேக்கல. காலேஜ் கேக்குறாங்க. பொண்ணுக்கு டிகிரி இருந்தாத்தான் மாப்பிள்ளை வரும்ங்குறாங்க. நான் அவங்களுக்கு எம்எல்ஏ. உங்களுக்கு இல்ல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள், நாட்டின் சராசரி 28 என்று நாம் பெருமையாகச் சொல்வது அந்த அம்மாக்கள் கேட்டுக் கேட்டு வந்த கணக்குதான். அந்த 47-ல் என் மகனும் ஒருத்தனாக இருந்தான் என்பதைத்தான் என்னால் சேர்த்துச் சொல்ல முடியும்.

பேச்சு சோற்றுப் பக்கம் திரும்பியது. பன்னிரண்டரை ஆகிவிட்டதால் இருக்கலாம். காலை உணவுத் திட்டம் பற்றிக் கேட்டேன். அதில் மட்டும் அவர் குறிப்பு எதுவும் இல்லாமலே பேசினார். 1982-ல் எம்ஜிஆர் சத்துணவு ஆரம்பித்தபோது அவர் ரெண்டாம் வகுப்பு. "பையே கிடையாது சார். தட்டை எடுத்துக்கிட்டுப் போவோம். எங்க அம்மா காலையில சிலேட்டு எங்கனு கேக்காது, தட்டு எங்கனு கேக்கும்." 1920-ல் நீதிக்கட்சி கையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்த பள்ளிச் சாப்பாடு இடையில் நின்று போனது, 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டு போனார், பிறகு 82, பிறகு 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் தொடங்கிய காலைச் சாப்பாடு. வருஷங்களை அவர் கட்சிக்காரர் மாதிரி சொல்லவில்லை, பசித்த பையன் மாதிரி சொன்னார். "கல்விச் சீர்திருத்தம்னா எனக்கு இதுதான் சார் முதல்ல ஞாபகம் வரும். மத்ததெல்லாம் அதுக்கு மேல வைக்கிற குழம்பு." இதையே பேசலாமே என்றேன். "எல்லாரும் பேசிட்டாங்க சார்" என்று கையை உதறினார்.

புறப்படும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, ஒரு விஷயம் சொன்னார். என் கணக்கில் அன்றைய பேச்சில் அதுதான் சரக்கு. ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிக்கிற ஏழெட்டுப் பெண்கள் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசு பிரச்சினை இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வருகிறது. பிரச்சினை பஸ் நேரம். அவர்கள் ஊருக்குப் போகிற வண்டி நாலரைக்கு ஐடிஐ வாசலைத் தாண்டிப் போய்விடும். அடுத்தது ஏழேகால். கடைசி ஒர்க்ஷாப் பீரியடில் பாதியில் கிளம்பினால்தான் பஸ். கிளம்பாவிட்டால் இருட்டில் கண்மாய்க் கரையோரம் நடை. ரெண்டு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இவர் டெப்போ மேனேஜரைப் பார்த்து, ஒரு தடவை இல்லை நாலு தடவை பார்த்து, அந்த நாலரை வண்டியை ஐந்தே காலுக்குத் தள்ளிவிட்டார். நிறுத்தப்பட்ட ரெண்டு பேரில் ஒரு பெண் திரும்ப வந்துவிட்டது.

"இதைச் சொல்லவே இல்லையேப்பா!"

"இதுல என்ன சார் இருக்கு? முக்கா மணி நேரம்."

ரெண்டு நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். கையால்தான், ஃபுல்ஸ்கேப் தாளில். பஸ்ஸை முதலில் வைத்தேன். அப்புறம் அந்த நாலு எண்கள்: 43, 20, 32, 27, பத்தாவது முடித்த பிள்ளை எங்கே போனான் என்று நாலு துறைகளும் சேர்ந்து ஒரே பதிவேட்டில் தொடரச் சொல்லிக் கேட்டிருந்தேன். மெஷின் வாங்க உத்தரவு போடும்போதே அதற்கு இன்ஸ்ட்ரக்டர் பணியிடத்துக்கும் அதே உத்தரவில் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு பாரா. மூன்றாம் பக்கம் முழுக்க அப்ரெண்டிஸ். கடைசியில், இன்ஸ்ட்ரக்டராக வர விரும்புகிறவர்கள் ஒரு வருஷம் சிஐடிஎஸ் என்கிற இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி முடிக்கச் சென்னை மாதிரி ஊர்களுக்குப் போய்த் தங்க வேண்டியிருக்கிறது, தென் மாவட்டப் பையன்களுக்கு அந்தச் செலவுக்கு ஒரு வழி வேண்டும் என்று எழுதினேன். அவருடைய உதவியாளர் வந்து வாங்கிக்கொண்டு போனார். சாயந்திரம் போன்.

"சார், ரொம்பப் பிரமாதம். பஸ்ஸை மட்டும் எடுத்துடுறேன். அதைப் பேசினா பக்கத்து சீட்டுக்காரரே சிரிப்பார்."

"சிரிக்கட்டுமே."

"போக்குவரத்து வேற மானியக் கோரிக்கை சார்" என்றார். என் ஆயுதத்தை என் மேலேயே திருப்பிவிட்டார்.

பேசி முடித்த ராத்திரி வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. நானும் என் மனைவியும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளைச் சட்டை, மடியில் என் ஃபுல்ஸ்கேப் தாள். அது என் தாள்தான், மடிப்பு தெரிந்தது. தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, பேரவைத் தலைவருக்கு நன்றி. ஒரு குறள். எதிர்க்கட்சியை நோக்கி ஒரு குத்து, மேசை தட்டல். இதற்குள் நாலு நிமிடம் போய்விட்டது. பிறகு கலைக் கல்லூரி. பிறகு முகாமில் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற எண்ணிக்கை. என் தெருப் பையன்கள் மூவரும் அதில் அடக்கம். மணி அடித்தார்கள். மணிக்கு அப்புறம், அவசர அவசரமாக, தாளைப் பார்க்காமல், "மெஷின் வாங்குறப்பவே அதுக்கு வாத்தியாரையும் சேத்து வாங்கணும்னு மாண்புமிகு அமைச்சர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்தார். வாத்தியாரை வாங்குவது! நான் எழுதிய பாராவில் ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. ஆனால் அவையில் ரெண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், அதையும் பார்த்தேன். அமைச்சரின் பதில், பரிசீலிக்கப்படும்.

பத்தரைக்குப் போன் வந்தது. பின்னால் எம்எல்ஏ ஹாஸ்டல் டிவி சத்தம்.

"சார், பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"லைட் தெரியுதுப்பா."

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பழைய சிரிப்பு.

"எவ்வளவு சார்?"

"அஞ்சே கால் பஸ் போகுற அளவுக்கு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அப்ரெண்டிஸ் கேள்வியை மட்டும் தனியாகப் பிரித்து எழுதி வைக்கச் சொன்னார். மனைவியிடம் கோலம் போட வேண்டாம், வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன் என்றேன். நம்பவில்லை.